தெய்வத்துக்காகப் பேசுவோர்

சிவாலயத்தில் வழிபட்டுத் திரும்பும் அடியார், கருவறையின் வடபுறத்தே கோமுகத்தை ஒட்டியுள்ள சண்டேசுவரர் சந்நிதியின் முன் சற்றே நின்று, மெல்லக் கைதட்டி, வெறுங்கைகளை விரித்துக் காட்டிவிட்டு அப்பாற் செல்வதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். கோயிலின் பொருள் எதனையும் எடுத்துச் செல்லவில்லை என்று கணக்கு ஒப்புவிக்கும் பாவனை அது என்று பெரியோர் சொல்லுவர். சோழர் காலத்துக் கல்வெட்டுக்களைப் பார்க்குமிடத்து, இப்பாவனைக்குப் பின்னே மெய்யான வியவகார நிலை ஒன்று இருந்தமை புலனாகும். கோயிலுக்குரிய நிலத்தை விற்பதும், வாங்குவதும், குடிகளுக்கு விடுவதும் ஆகிய ஆவணங்கள் பலவற்றில், இறைவனுக்காக ஒப்பந்தம் செய்பவராகக் குறிக்கப்பெறுபவர் ஆதிசண்டேசுவரரே. உடையவர் சிவபெருமான், அவருக்காகக் கையெழுத்திடுபவர் அவருடைய அடியார்களுள் தலைவராகிய மற்றொரு தெய்வம். இந்த ஏற்பாட்டில் மனிதர்களுக்கு இடமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஏட்டை எழுதியவனும், நிலத்தை அளந்தவனும், நெல்லை அளந்து கொட்டியவனும் மனிதர்களே. ஆயினும், தெய்வத்தின் உடைமைக்குத் தெய்வமே பிரதிநிதி என்ற கொள்கை, அவர்களுள் எவரும் தம்மை எசமானராக எண்ணிக்கொள்வதற்கு ஒரு தடையாக இருந்திருக்க வேண்டும்.

இங்கிலாந்திலிருந்து வந்த நீதிபதிகளுக்குச் சண்டேசுவரரைத் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது தங்கள் நாட்டு 'டிரஸ்டு' முறை. அதன்படி சொத்தின் சட்டபூர்வமான உரிமை நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் இருக்கும், பயன் மட்டும் வேறொருவரைச் சேரும். இந்நாட்டுக் கோயில்களில் அப்படியன்று. தருமகருத்தாவிடம் உரிமை ஏதும் இல்லை, நிலமும் நகையும் சுவாமியின் பேரிலேயே இருந்தன. ஆகவே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நீதிமன்றங்கள் மெல்ல மெல்ல ஒரு முடிவுக்கு வந்தன. 1875-இல், அந்நாளில் இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாயிருந்த பிரிவி கவுன்சில், கோயில் நிருவாகியின் நிலை, பருவம் எய்தாத ஒரு வாரிசின் சொத்தை மேற்பார்க்கும் மேலாளரின் நிலையை ஒத்தது என்று கூறிற்று. 1887-இல் பம்பாய் உயர் நீதிமன்றம், குஜராத்திலுள்ள டாகோர் ஆலயத்துக் காணிக்கை வழக்கில், பக்தர் இட்ட காணிக்கை பூசகரின் வருமானமன்று, சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளாகிய தெய்வத்தின் சொத்தே என்று தீர்ப்பளித்தது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கிடைக்கும் வடிவம் விசித்திரமானது. அண்ட சராசரங்களைக் காப்பவன் நீதிமன்ற வாயிலில் ஒரு மைனர்! சொத்து உண்டு, வழக்குத் தொடுக்கும் தகுதி உண்டு. ஆனால் பேசுவதற்கு மட்டும் ஒரு பாதுகாவலர் வேண்டும். சமய ஸ்தாபனங்களைப் பற்றி நம் நாட்டில் எழுந்த வழக்குகளுள் பெரும்பாலானவை வெளிப்பார்வைக்கு நிலம், கணக்கு, முறை, மரியாதை என்று பலவாறாகத் தோன்றினும், அடியில் கிடக்கும் வினா ஒன்றே என்பது என் துணிபு: அந்தப் பாதுகாவலர் யார்?

இவ்வினாவை மிகத் தெளிவாகக் கண்டுகொண்ட தீர்ப்பு 1925-இல் பிரிவி கவுன்சில் வழங்கியது. கல்கத்தாவில் மல்லிக் என்னும் செல்வக் குடும்பத்தார், தம் வீட்டுத் தெய்வத்தை முறை வைத்து வழிபட்டு வந்தனர். தம் முறை வரும்போது விக்கிரகத்தைத் தம் இல்லத்துக்கே கொண்டுபோகும் உரிமை தமக்கு உண்டு என்று ஒருவர் வாதித்தார், மற்றவர் மறுத்தார். இரு பக்கத்தாரும் பேசினார்கள். யாரைப் பற்றிப் பேசினார்களோ அவர் மட்டும் வழக்கில் இல்லை. விக்கிரகம் மேசை நாற்காலிபோல் இடம் மாற்றத்தக்க பொருளன்று, அது ஒரு சட்ட ஆள், அதன் விருப்பமும் அறியப்பட வேண்டும் என்று சொன்ன பிரபுக்கள், வழக்கில் தம் சொந்த நலன் எதுவும் இல்லாத ஒருவரைத் தெய்வத்தின் சார்பில் நீதிமன்றமே நியமித்து, அவரையும், குடும்பத்தின் பெண்டிரையும் கேட்ட பின்னரே வழிபாட்டு முறை வகுக்கப்படவேண்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்பினார்கள். 'தெய்வத்தின் விருப்பம்' என்பதைக் கேட்டு நகைப்பவர் நகைக்கலாம். ஆனால் வாதியும் பிரதிவாதியும் தத்தம் நலத்தைத் தெய்வத்தின் நலமென்று பேசும் இடத்தில், நலனற்ற மூன்றாமவர் ஒருவரை நிறுத்தியதைவிடப் பொருத்தமான தீர்வு பிற்காலத்தில் தோன்றியதாக எனக்குத் தெரியவில்லை.

பாதுகாவலர் தெய்வத்துக்காகச் சொல்லும் சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு நம் பக்கத்திலேயே துயரமான உதாரணம் ஒன்று உண்டு. 1897-இல் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் ஆலயத்துள் நாடார் சமூகத்தவர் சென்று வழிபட்டனர். அக்கோயிலின் பரம்பரைத் தருமகருத்தாவாகிய இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். கீழ் நீதிமன்றத்தில் வெற்றியும் பெற்றார். மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தபோது, 1901-இல் அவரே மனம் மாறி, நாடார்களை அனுமதிப்பதாகச் சமாதானம் செய்துகொண்டார். விவேகானந்தரைச் சிகாகோ செல்லத் தூண்டியவர்களுள் ஒருவராகப் போற்றப்பெறும் அந்த மன்னரின் மனமாற்றத்துக்குக் காரணம் எதுவாயினும், சட்டம் அதனை ஏற்கவில்லை. கோயிலின் வழக்கத்துக்கு மாறாக ஒப்பந்தம் செய்வது பாதுகாவலரின் நம்பிக்கைத் துரோகம் என்று சென்னை உயர் நீதிமன்றம் கருதிற்று. 1908-இல் பிரிவி கவுன்சிலும் அதனையே உறுதி செய்தது. இறைவனுக்காக வழக்காடும் அதிகாரம் சேதுபதிக்கு இருந்தது. இறைவனுக்காக ஒருவரை உள்ளே வாரும் என்று அழைக்கும் அதிகாரம் இல்லை! பாதுகாவலரின் கைகளைக் கட்டிப்போட்ட இக்கொள்கை, சொத்தைக் காப்பதற்கு நல்லதாகவும், அநீதியைக் காப்பதற்கு அதைவிட நல்லதாகவும் பயன்பட்டது. 1939 ஜூலை 8-ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில் தாழ்த்தப்பட்டோரும் நாடாரும் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் சென்றபோது, கோயிலைத் திறந்துவிட்ட நிருவாகியைச் சட்டம் தண்டியாதிருக்கும் பொருட்டு அரசாங்கம் விரைந்து அவசரச் சட்டம் பிறப்பிக்கவும், அவ்வாண்டிலேயே அதனை முறையான சட்டமாக்கவும் நேர்ந்ததற்குக் காரணம் இதுவே.

இதற்கிடையில் பாதுகாவலர் பதவிக்கு மற்றொரு பெரிய போட்டியாளர் வந்துவிட்டார். சென்னை மாகாணத்தில் 1817-ஆம் ஆண்டின் 7-ஆவது ஒழுங்குமுறைச் சட்டம், அறக்கட்டளைகளின் மேற்பார்வையை ரெவின்யூ போர்டிடம் ஒப்படைத்தது. கலெக்டர்கள் தேர் இழுக்க ஆள் கூட்டினர், கோயில் மடைப்பள்ளிக் கணக்கைச் சரிபார்த்தனர். கிறிஸ்தவ அரசாங்கம் விக்கிரக ஆராதனைக்குத் துணைபோவதா என்று இங்கிலாந்தில் பாதிரிமார் கிளப்பிய ஆட்சேபத்தின் விளைவாகக் கம்பெனியார் 1840-களில் இப்பொறுப்பைக் கைகழுவினர். திருப்பதி ஆலயம் 1843-இல் ஹாதிராம்ஜி மடத்து மகந்தரிடம் சென்றது அப்போதுதான். 1863-ஆம் ஆண்டுச் சட்டம் ஆங்காங்கே கமிட்டிகளை அமைத்து, அங்கத்தினருக்கு ஆயுட்காலப் பதவியும் தந்தது. கேட்பாரற்ற ஆயுட்காலப் பதவி எப்படி நடந்திருக்கும் என்பதை விவரிக்கத் தேவையில்லை. நீதிக் கட்சி ஆட்சியில் பனகல் அரசர் முதன்மை அமைச்சராக இருந்தபோது கொணர்ந்த அறநிலையச் சட்டம், முதலில் 1925-ஆம் ஆண்டின் சட்டமாகவும், அதன் செல்லுபடி குறித்து ஐயம் எழுந்தமையால் மீண்டும் 1927-ஆம் ஆண்டின் 2-ஆவது சட்டமாகவும் வெளிவந்து, ஒரு வாரியத்தை நிறுவிற்று. 1951-இல் வாரியம் போய், ஆணையரைத் தலைவராகக் கொண்ட அரசாங்கத் துறையே வந்தது. 1817-இல் வாயில்வழி நுழைந்து, 1843-இல் கொல்லைவழி வெளியேறிய அரசாங்கம், ஒரு நூற்றாண்டு கழித்து, மக்கள் தேர்ந்தெடுத்த சட்டசபையின் அனுமதியோடு மறுபடியும் வாயில்வழியாகவே உள்ளே வந்தது எனலாம்.

அரசியல் சாசனம் வந்த பின் இந்நிலை எவ்வளவு தூரம் தகும் என்பதைத் தீர்மானித்தது சீரூர் மடத்து வழக்கு. மத்துவாசாரியர் உடுப்பியில் நிறுவிய எட்டு மடங்களுள் அது ஒன்று. உடுப்பி அந்நாளில் சென்னை மாகாணத்தின் தென் கன்னட ஜில்லாவில் அடங்கியிருந்தது. எட்டு மடத்து சுவாமிகளும் ஈராண்டுக்கு ஒருவராகக் கிருஷ்ணன் கோயில் பூசையை ஏற்பது 'பரியாயம்'. பதினாறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் அந்த ஈராண்டில், வருவோர்க்கெல்லாம் அன்னமிட்டு மாளாத செலவு செய்யவேண்டியிருக்கும். அடுத்தடுத்து வந்த இரு பரியாயங்களால் மடம் பெருங்கடனில் ஆழ்ந்தது. வாரியம் தலையிட்டு, நிருவாகத்துக்குத் திட்டம் வகுக்க முனைந்தது. லக்ஷ்மீந்திர தீர்த்த சுவாமிகள் நீதிமன்றத்தை நாடினார். அன்னதானத்தால் வந்த கடனைத் துறவியின் ஊதாரித்தனமென்று ஓர் அதிகாரி எழுதக்கூடும். மடத்தாருக்கோ அதுவே அவர்கள் தருமத்தின் உச்சம். இரு தரப்பும் நேர்மையாகவே முரண்படக்கூடிய இடம் இது.

1954 மார்ச்சு 16-ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அடங்கிய அமர்வு அளித்த தீர்ப்பை எழுதியவர் பி. கே. முகர்ஜி, இந்து அறக்கட்டளைச் சட்டத்தைப் பற்றித் தாகூர் சட்டச் சொற்பொழிவுகள் நிகழ்த்திய பேரறிஞர் அவர். மதம் என்பது வெறும் நம்பிக்கையன்று, சடங்கும் ஆசாரமும், உண்பதும் உடுப்பதுங்கூட அதன் பகுதியாகலாம் என்றும், ஒரு மதத்துக்கு இன்றியமையாதது எது என்பதை அம்மதத்தின் கோட்பாடுகளைக் கொண்டே அறியவேண்டும் என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. சொத்தை நிருவகிக்கும் முறையை மட்டும் சட்டம் கட்டுப்படுத்தலாம். ஆணையரோ அவர் ஏவலாளரோ எந்நேரமும் மடத்துள்ளும் கருவறையுள்ளும் புகலாம் என்றிருந்த விதி செல்லாதென்று விலக்கப்பட்டது. துறை வசூலித்த கட்டணமும், செய்த சேவைக்கு ஈடான கூலியாக இன்றி வரியின் தன்மை உடையதாக இருந்தமையால், அதை விதிக்க மாகாணச் சட்டசபைக்கு அதிகாரமில்லை என்று முடிவாயிற்று. பின்னால் வந்த அமர்வுகள் முகர்ஜியின் கோட்டை மெல்ல நகர்த்தின. 1961-இல் அஜ்மீர் தர்கா வழக்கில் கஜேந்திரகட்கர், மூடநம்பிக்கையிலிருந்து முளைத்த வழக்கங்கள் மதத்தின் இன்றியமையாப் பகுதியாகமாட்டா என்று கூறி, அவற்றைப் பிரித்தறியும் பணியை நீதிபதிகளின் மேசைமேல் கொண்டு வைத்தார். மதத்தைக் கொண்டே மதத்தை அறிக என்பது ஒன்று. நீதிபதி தம் அறிவைக் கொண்டு அறிக என்பது வேறு. முன்னதையே நான் மதிக்கிறேன். ஆனால் முன்னது மட்டுமே இருந்திருந்தால், கமுதித் தீர்ப்பு இன்றும் உயிரோடிருக்கும் என்பதையும் மறப்பதற்கில்லை.

சிதம்பரம் நடராசர் ஆலயத்தின் வழக்கு நெடிது; ஒன்று மட்டும் சொல்லலாம். அதன் பூசகர்களாகிய பொதுதீட்சிதர்கள் தனிச் சமயப்பிரிவினர் என்பதைச் சென்னை உயர் நீதிமன்றம் ஐம்பதுகளின் தொடக்கத்திலேயே ஏற்றிருந்தும், பின்னால் அரசாங்கம் அங்கே செயல் அலுவலரை நியமித்தது. 2014 ஜனவரி 6-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அதனை ரத்துச் செய்தபோது, சீர்கேடு இருப்பின் அதனைக் களைவதற்காக நிருவாகத்தை ஏற்கலாமேயன்றி, களைந்த பின்னும் காலவரையின்றி வைத்துக்கொள்ளலாகாது என்று கூறிற்று. பாதுகாவலரை நீக்கி அமர்ந்த பாதுகாவலரும் ஒருநாள் எழுந்து செல்லவேண்டும் என்பது இதன் சாரம்.

அரசாங்கத்தைப் பற்றி இவ்வளவு சொல்லியபின், அதன் பிரதிநிதியால் ஓர் ஆலயம் அடைந்த நன்மையையும் சொல்லாவிடில் நியாயமாகாது. தஞ்சை மண்ணில் பத்தூர் என்னும் சிற்றூர். 12-ஆம் நூற்றாண்டில் கட்டப்பெற்ற விசுவநாதசுவாமி கோயில் அங்கே நெடுங்காலமாகப் பாழடைந்து, பூசையின்றிக் கற்குவியலாகக் கிடந்தது. 1976-இல் ஏழைத் தொழிலாளி ஒருவர் மாட்டுக்கொட்டகை போடுவதற்காக அங்கே மண்ணைத் தோண்டியபோது, புதைத்து வைத்திருந்த செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. அவற்றுள் நடராசர் கைமாறிக் கைமாறி இலண்டனை அடைந்தார். 1982-இல் கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்துக் கம்பெனியாகிய பம்பர் டெவலப்மெண்டு அவரை விலைக்கு வாங்கிற்று. திருமேனியைச் செம்மை செய்வதற்காகப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தாரிடம் கொடுத்திருந்தபோது, இலண்டன் போலீசார் கைப்பற்றினர். நல்லெண்ணத்தோடு பணம் கொடுத்து வாங்கினோம் என்றது கம்பெனி. எதிரில் நின்றவர்கள் யார்? இந்திய அரசாங்கம், தமிழ்நாட்டு அரசாங்கம், கோயிலை மேற்பார்க்கச் சட்டப்படி நியமிக்கப்பெற்ற தக்கார், பாழடைந்த அக்கோயில், அங்கே எஞ்சியிருந்த சிவலிங்கம்!

அந்த வழக்கின் சாட்சியங்களைப் போல் சுவையானவை சட்ட வரலாற்றில் அரியன. இலண்டனில் இருப்பவரும் பத்தூரில் தோண்டியெடுக்கப்பட்டவரும் ஒருவரே என்று மெய்ப்பிக்கவேண்டும். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையின் இயக்குநராயிருந்த இரா. நாகசாமி சிற்ப இலக்கணத்தைக் கொண்டு, உடன்கிடைத்த திருமேனிகளோடு ஒப்பிட்டுச் சாட்சி கூறினார். உலோகத்தின் கலப்பை ஆராய்ந்தனர். ஒட்டியிருந்த மண்ணை ஆராய்ந்தனர். திருமேனியின்மேல் கறையான் ஓடிய தடத்தைக்கூடப் பூச்சியியல் அறிஞர் ஆராய்ந்தனர். அடுத்து, கற்குவியலுக்கு வழக்காட உரிமை உண்டா என்ற வினா எழுந்தது. இங்கிலாந்துச் சட்டத்தில் கோயிலுக்கு ஆளுமை இல்லைதான்; ஆயினும் அது பிறந்த நாட்டின் சட்டம் ஆளுமை தந்திருப்பின், நாடுகளுக்கிடையிலான நல்லிணக்கம் கருதி நாமும் ஏற்றலே முறை, அதனால் எங்கள் பொதுக்கொள்கைக்கு இழுக்கு ஒன்றுமில்லை என்று 1991 பிப்ரவரியில் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறி, தக்கார் வழியாகக் கோயில் கொண்ட உரிமையே மேலானது என்ற 1988-ஆம் ஆண்டுத் தீர்ப்பை நிலைநிறுத்திற்று. பூசை நின்று நூற்றாண்டுகள் ஆயினும் கோயிலின் சட்ட ஆளுமை அழிவதில்லை என்ற நம் நாட்டுக் கொள்கை, தேம்ஸ் நதிக்கரையில் செலாவணியாயிற்று. ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன நடராசரை ஆஸ்திரேலிய அரசு அருங்காட்சியகம் 2008-இல் ஐம்பது லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தும், 2014-இல் அந்நாட்டுப் பிரதமர் டோனி அபட்டே நேரில் கொணர்ந்து ஒப்படைத்ததற்கு, இப்படிப்பட்ட முன்னுதாரணங்களும் ஒரு காரணமாயிருக்கலாம். மீண்டு வந்த திருமேனிகள் பல தத்தம் ஊர்க்கோயிலுக்குப் போகாமல், களவுக்கு அஞ்சித் திருவாரூர் போன்ற இடங்களிலுள்ள திருமேனிப் பாதுகாப்பு மையங்களில் பூட்டப்பட்டிருப்பது தனிக் கதை.

எதற்கெல்லாம் சட்ட ஆளுமை உண்டு என்பதிலும் ஒரே சீரான நியாயம் காண்பது கடினம். லாகூர் ஷாஹித் கஞ்சு மசூதி வழக்கில், 1940-இல், மசூதி அவ்வகையில் ஆளாகாது என்றது பிரிவி கவுன்சில். குரு கிரந்த சாகிபு ஆளே என்றது 2000-இல் உச்ச நீதிமன்றம். அயோத்தி வழக்கில், 2019-இல், குழந்தை இராமர் சட்ட ஆள். அவர் பிறந்ததாகக் கூறப்பெற்ற நிலம் சட்ட ஆளன்று. இந்துத் தெய்வம் 'தனிநபர்' என்ற சொல்லுள் அடங்கும், ஆகவே வருமான வரி செலுத்தக் கடமைப்பட்டது என்று 1969-இல் முடிவாயிற்று. ஆனால் சபரிமலை வழக்கில், 2018-இல், ஐயப்பனின் நைட்டிக பிரமசரியத்துக்கு அரசியல் சாசனப் பாதுகாப்பு வேண்டும் என்று வாதிக்கப்பட்டபோது, தெய்வம் சட்ட ஆளாயிருப்பதாலேயே மனிதருக்குரிய அடிப்படை உரிமைகளைப் பெற்றதாகாது என்று நீதிபதி சந்திரசூட் எழுதினார். வரி கட்டும்போது தனிநபர். உரிமை கோரும்போது அல்லர். இரண்டும் தனித்தனியே சரியாக இருக்கலாம். அடுத்தடுத்து வைத்துப் படிக்கையில் சிரிப்பு வருவதைத் தடுக்க முடிவதில்லை.

இனி நிலத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் தெய்வத்தின் துன்பமெல்லாம் முடிவில் நிலத்திலேதான் வந்து நிற்கிறது. அறநிலையத்துறையின் ஆட்சியில் உள்ள கோயில்களுக்குச் சுமார் 4.78 லட்சம் ஏக்கர் நிலம் இருப்பதாகத் துறையின் கணக்கு. 1959-ஆம் ஆண்டின் 22-ஆவது சட்டத்தில் நல்ல வேலிகள் உள்ளன: 34-ஆவது பிரிவின்படி, ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகையும் விற்பனையும் ஆணையரின் அனுமதியின்றிச் செல்லா, நிலத்தை மீட்கும் வழக்குக்குக் காலவரையறைச் சட்டம் குறுக்கே நில்லாதென்று 109-ஆவது பிரிவு சொல்லுகிறது. மத்தியப் பிரதேசத்து வழக்கொன்றில், 2021-இல், நிலப்பதிவேட்டின் உரிமையாளர் கலத்தில் தெய்வத்தின் பெயரன்றிப் பூசகரின் பெயர் இருக்கவேண்டுவதில்லை என்று உச்ச நீதிமன்றம் உறுதி கூறிற்று. இருந்தும் பட்டா மாறுகிறது; சந்தை நிலவரத்தைவிட மிகக் குறைந்த வாடகைக்குக் கடைவீதி மனைகள் தலைமுறை தலைமுறையாக அனுபவிக்கப்படுகின்றன; சிவன் சொத்துக் குலநாசம் என்னும் பழமொழியைச் சொல்லிக்கொண்டே குத்தகை பாக்கி வைப்பவரும் உளர்.

பாதுகாவலர் பாதகம் செய்தால், வழிபடுவோர் எவரும் தெய்வத்தின் நண்பராக நின்று வழக்காடலாம் என்று 1967-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருப்பது உண்மையே. ஆயினும் ஆண்டுக்கணக்கில் வக்கீலுக்குப் பணம் கட்டி அலையும் வசதி, கிராமத்துக் கோயிலில் விளக்கேற்றும் அடியாருக்கு ஏது? தற்காலிக ஏற்பாடாகவே சட்டம் வகுத்த தக்கார் பதவி, அறங்காவலர் குழு அமைக்கப்படாத எத்தனையோ கோயில்களில் ஆண்டுக்கணக்காக நீடிக்கிறது. தக்காராக அமர்பவர் பெரும்பாலும் துறையின் அலுவலரே. கோயிலின் நிலத்தை அரசாங்கமே ஓர் அலுவலகத்துக்கோ கல்லூரிக்கோ கேட்கும்போது, கேட்பவரும் அரசாங்கம், அனுமதி தரும் ஆணையரும் அரசாங்கம், தெய்வத்தின் சார்பில் சம்மதிக்கும் தக்காரும் அந்த ஆணையருக்குக் கீழ்ப்பட்ட ஊழியர். பத்தூர்த் தக்கார் இலண்டனில் வென்றதற்குக் காரணம், அவருடைய நலனும் கோயிலின் நலனும் அன்று ஒரே பக்கத்தில் இருந்தமை. அவை எதிரெதிரே நிற்கும் வழக்குகளிலேனும், 1925-இல் மல்லிக் குடும்பத்துத் தெய்வத்துக்குச் செய்ததுபோல், துறையையும் குத்தகைதாரரையும் சாராத ஒருவரை நீதிமன்றமே நியமித்து, அவர் ஊதியத்தைக் கோயிலின் வருமானத்திலிருந்து கொடுக்கச் செய்வதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. நீதிபதி ஒருவரின் உத்தரவே போதும்.